கிபாலேக்கு ஓர் இரவு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயணப் பக்கத்தில் உகாண்டா பற்றி வந்த கட்டுரை ஆசையைக் கிளப்பும்படி இருந்தது. கூடவே அச்சிட்டிருந்த ஏழு நாள் அட்டவணைதான் உறுத்துகிறது. மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி, கிபாலே, குயீன் எலிசபெத், புவிண்டி என்று நான்கு பூங்காக்கள். அதில் கிபாலே மழைக்காட்டுக்கு ஒரே ஓர் இரவு. மாலையில் போய்ச் சேர்ந்து மறுநாள் மதியமே கிளம்பிவிட வேண்டுமாம். புல்வெளியில் ஜீப்பில் உட்கார்ந்தபடி சிங்கம் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஓடுவது சரிப்படலாம். குரங்கினங்களைப் பார்க்கவென்றே லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர்களுக்குச் சரிப்படாது. ஏன் என்பதையும், எப்படித் திட்டமிட்டால் போட்ட காசுக்குப் பலன் கிடைக்கும் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கிபாலே மேற்கு உகாண்டாவில், ஃபோர்ட் போர்ட்டல் நகருக்குத் தெற்கே இருக்கிறது. 1932-ல் காப்புக்காடாகி, 1993-ல் தேசியப் பூங்கா ஆனது. அதன் பெருமை 13 வகைக் குரங்கினங்கள். ஆனால் 'சிம்பன்சி பர்மிட்' என்று நாம் வாங்குவது அந்தப் பதின்மூன்றில் ஒன்றை, ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு மட்டுமே. அந்த நடையில் வனக்காவலரின் கவனமெல்லாம் சிம்பன்சியின் குரல் எங்கே கேட்கிறது என்பதில்தான் இருக்கும். வழியில் மேலே கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்கு உட்கார்ந்திருந்தாலும் நிற்க மாட்டார்கள். நின்றால் சிம்பன்சி நகர்ந்துவிடும். குழுவில் உள்ள ஆறு பேரும் ஆளுக்கு 250 டாலர் கொடுத்து வந்திருப்பது அதற்குத்தானே. மற்ற இனங்களுக்கு வேறு இடம், வேறு நேரம் ஒதுக்க வேண்டும். ஓர் இரவுக்காரர்கள் இழப்பது அதைத்தான்.

பகலில் நடமாடுபவை ஒன்பது இனம்: சிம்பன்சி, செங்கொலோபஸ், கறுப்பு வெள்ளை கொலோபஸ், செவ்வால் குரங்கு, நீலக் குரங்கு, லோயஸ்ட் குரங்கு, சாம்பல் கன்ன மங்காபே, ஆலிவ் பபூன், வெர்வெட். தேவாங்கின் உறவினங்களான பொட்டோவும் புஷ்பேபி வகைகளும் இரவில் மட்டுமே வெளியே வரும். பபூனும் வெர்வெட்டும் சாலை ஓரத்திலேயே கிடைத்துவிடும், அவற்றுக்காக மெனக்கெட வேண்டாம். லோயஸ்ட் குரங்கு வெட்கக்காரி. வெள்ளைத் தாடியும் கறுத்த முகமுமாகப் பெரும்பாலும் தரையிலேயே திரியும், வாலின் நுனி கொக்கி போல வளைந்து நிற்கும். காட்டை ஊடறுத்துப் போகும் ஃபோர்ட் போர்ட்டல் - கம்வெங்கே சாலையில் விடிந்ததும் மெதுவாக நடந்தால் ஓரப் புதரிலிருந்து வெளியே வரும் வாய்ப்பு உண்டு. யானை நடமாட்டம் உள்ள சாலை என்பதால் வனக்காவலரோ உள்ளூர் வழிகாட்டியோ இல்லாமல் இறங்கக் கூடாது. மங்காபேயைக் கண்ணைவிடக் காதால் பிடிப்பது சுலபம். காலையில் ஒரு கூவல், சில விநாடி இடைவெளி, பிறகு தொண்டைக்குள் உருளும் கொக்கரிப்பு; ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார்.

செங்கொலோபஸ் விஷயம் தனி. சிம்பன்சிகள் மாமிசம் தின்னும். கிபாலேயில் அவை மிக அதிகமாக வேட்டையாடுவது இந்தச் செங்கொலோபஸைத்தான். காட்டின் நடுவே உள்ள என்கோகோ ஆராய்ச்சிப் பகுதியில், உலகில் இதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய சிம்பன்சிக் கூட்டம், இரு நூறு வரை பெருகி வாழ்ந்தது. அங்கே செங்கொலோபஸ் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே சிம்பன்சி நன்றாகக் கிடைக்கிற இடத்தில் செங்கொலோபஸும் சேர்ந்து கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது தலைகீழான கணக்கு. அதற்குச் சரியான இடம் பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள பிகோடி சதுப்பு நிலம். கஃப்ரெட் என்ற ஊர்மக்கள் அமைப்பு 1992 முதல் அதைப் பார்த்துக்கொள்கிறது. கட்டணம் ஊருக்கே போகிறது. நாலைந்து கிலோமீட்டர் சுற்று, நின்று நின்று போனால் மூன்று மணி நேரம் ஆகும். பாதி வழி பலகைப் பாலம், மீதி சேறு. ரப்பர் பூட்ஸ் அங்கேயே கிடைக்கும், ஆனால் பெரிய பாதம் உள்ளவர்கள் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. செங்கொலோபஸும் மூக்கில் வெள்ளை இதய வடிவப் பொட்டுடைய செவ்வால் குரங்கும் ஒரே மரத்தில் கலந்து மேய்வதை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். கழுகு வந்தால் எச்சரிக்க அதிகக் கண்கள் இருப்பது இரண்டுக்குமே லாபம். நீலமும் மஞ்சளுமாகப் பறக்கும் பெரிய நீல டுராக்கோவுக்காகவே பறவைக்காரர்கள் வருவதும் இங்கேதான்.

இரவு நடைக்கு இரண்டு மணி நேரம் போதும். ஏழு, ஏழரை மணிக்குத் தொடங்குவார்கள். பொட்டோ மிக மெதுவாக ஊர்ந்து, வெளிச்சம் பட்டதும் அசையாமல் நின்றுவிடும். கண் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். புஷ்பேபியின் கண்ணும் மின்னும், ஆனால் அந்த மினுக்கு அடுத்த கிளைக்குத் தாவிவிடும். தலையில் கட்டும் டார்ச்சில் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். தேடுவதற்கு வெள்ளை, கண்டுபிடித்த பிறகு சிவப்பு. வெள்ளை வெளிச்சத்தை முகத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தால் அவற்றின் கண் கூசி, பிடி தவறக்கூட வாய்ப்புண்டு. மழை பெய்த இரவில் இந்த நடை வீண். அப்படியானால் மறுநாள் போக இன்னோர் இரவு கையில் இருக்க வேண்டும். மூன்று இரவு என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சிம்பன்சி நடையைப் பார்ப்போம். கன்யன்ச்சு என்ற வரவேற்பு மையத்திலிருந்துதான் கிளம்புவார்கள். ஒரு குழுவுக்கு ஆறு பேர். ஒரு மணி நேரக் கணக்கு சிம்பன்சியைக் கண்டபிறகுதான் தொடங்கும்; தேடும் நேரம் தனி. இருபது நிமிடத்திலும் கிடைக்கலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். எல்லோரும் காலை நேரத்துக்கே முட்டி மோதுகிறார்கள். என்னைக் கேட்டால் படம் எடுக்கிறவர்களுக்குப் பிற்பகல் நடை கொஞ்சமும் குறைந்ததல்ல. காலையில் அவை அத்திப்பழம் தின்ன முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், நமக்குக் கழுத்து வலிதான் மிச்சம். வெயில் ஏறியபின் தரையில் இறங்கிப் படுக்கும், ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். நாள் முழுவதும் இருக்க விரும்புகிறவர்களுக்கு 'ஹாபிச்சுவேஷன்' என்ற தனி அனுமதி உண்டு. சிம்பன்சிகள் கூட்டிலிருந்து இறங்குகிற விடியற்காலையில் கிளம்பி, அன்றைய இரவுக்குப் புதிதாகக் கூடு கட்டும் மாலை வரை பின்தொடரலாம். விலை கணிசமாக அதிகம். காலில் தெம்பு இருந்தால், ஒரு மணி நேர அனுமதி இரண்டு வாங்குவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

மலைக் கொரில்லாவுக்குப் புவிண்டி. இங்கேதான் மிகப் பெரிய குளறுபடி நடக்கிறது. புவிண்டி ஒரே காடு என்றாலும் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ என்று நான்கு கிளம்புமிடங்கள். பர்மிட் குறிப்பிட்ட நாளுக்கு, குறிப்பிட்ட இடத்தில் உள்ள கொரில்லாக் குடும்பத்துக்கு மட்டும் செல்லும். வரைபடத்தில் அருகருகே தெரிந்தாலும், மலையைச் சுற்றிப் போகும் மண் சாலையில் புஹோமாவிலிருந்து ருஷாகா போகப் பல மணி நேரம் பிடிக்கும். நடைக்கு முந்தைய விளக்கக் கூட்டம் காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடும். விடுதியை புஹோமாவிலும் பர்மிட்டை ருஷாகாவிலும் வாங்கி வைத்திருப்பவர் விடியற்காலை மூன்று மணிக்கே காரில் ஏற வேண்டும். சாலையில் ஒரு லாரி சேற்றில் சிக்கினால் 800 டாலர் போச்சு. எனவே வரிசை இதுதான்: முதலில் பர்மிட், அதில் உள்ள இடத்தைப் பார்த்து விடுதி, அதன் பிறகே விமானச் சீட்டு. பெரும்பாலோர் விமானச் சீட்டில் தொடங்கி பின்னோக்கி வருகிறார்கள்.

800 டாலர் என்பது வெளிநாட்டவருக்கு 2024 ஜூலை முதல் உள்ள உகாண்டாக் கட்டணம். ருவாண்டாவில் இதே மலைக் கொரில்லாவுக்கு 2017 முதல் 1,500 டாலர். குழுவுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சிம்பன்சி நடைக்கும் வயது வரம்பு உண்டு என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். பர்மிட் வழங்குவது உகாண்டா வனவிலங்கு ஆணையம் மட்டுமே. பயண நிறுவனங்கள் அங்கிருந்து வாங்கித் தருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் போகிறவர்கள் ஆறு மாதம் முன்பே வாங்கிவிட வேண்டும். 'பர்மிட்டுக்குப் பணம் கட்டிவிட்டோம்' என்ற நிறுவன ரசீதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பர்மிட்டின் நகலைக் கேட்டு வாங்கி பெயர், பாஸ்போர்ட் எண், நாள், இடம் நான்கையும் சரிபாருங்கள். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும். முன்கூட்டியே சொல்லித் திருத்திக்கொண்டு, பழையதையும் கையோடு எடுத்துப் போவது பாதுகாப்பு.

விசாவுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. உகாண்டா விசா இணையம் வழியாக. ஒரு தடவை நுழைய 50 டாலர். விண்ணப்பத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும் என்பதால் ஊசி முதலில், விசா பிறகு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016 முதல் விதி. இந்தச் சான்றிதழைத் தொலைத்துவிட்டுத் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. எனவே பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ருவாண்டா வழியாகப் போய் உகாண்டா பார்க்க நினைப்பவர்களுக்கு 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா லாபம். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 90 நாள். முதலில் எந்த நாட்டில் இறங்குகிறோமோ அந்த நாட்டிடம் அதை வாங்க வேண்டும். ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். துணிகளைப் பாலிதீன் பையில் சுற்றி அடுக்கும் பழக்கமுள்ளவர்கள் துணிப்பைக்கு மாறிக்கொள்ளவும்.

சாலை நேரத்தைக் கிலோமீட்டரால் கணக்கிடாதீர்கள். கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை, ஆனாலும் ஐந்தாறு மணி நேரம். என்டெபே விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் கம்பாலா நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். கிபாலேயிலிருந்து புவிண்டிக்கு குயீன் எலிசபெத் பூங்கா வழியாக, இஷாஷா ஊடாகப் போனால் ஒரு முழுப் பகல். இஷாஷா மண் சாலை மழையில் சகதியாகிவிடும், லாரிகள் குறுக்கே மாட்டிக்கொண்டு இரு பக்கமும் வரிசை நிற்கும். ஓட்டுநர் சுற்றுவழியில் போகலாம் என்றால் மறுக்காதீர்கள். கொரில்லா மட்டும் போதும் என்பவர்களுக்கு என்டெபேயே தேவையில்லை. ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் இறங்கி எல்லை தாண்டினால் ருஷாகா நாலைந்து மணி நேரத்தில் வந்துவிடும். என்டெபேயிலிருந்து என்றால் ஒன்பது, பத்து மணி நேரம். உள்நாட்டுச் சிறு விமானமும் உண்டு. புஹோமாவுக்குக் கிஹிஹி ஓடுதளம், ருஷாகாவுக்கும் என்குரிங்கோவுக்கும் கிசோரோ. பையின் எடை பொதுவாக 15 கிலோதான், அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றில் நுழையாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது இரவுக்கு ஒரு வழி இருக்கிறது. என்டெபேயில் முதல் இரவு. கிபாலேயில் மூன்று இரவு: முதல் நாள் போய்ச் சேர்வது, இரண்டாம் நாள் காலை பிகோடி, பிற்பகல் சிம்பன்சி, மூன்றாம் நாள் விடியலில் சாலை நடை, அன்றைக்கே இரவு நடை. இரண்டாம் நாள் மாலையே வானம் தெளிவாக இருந்தால் இரவு நடையை அன்றே முடித்துவிடலாம். குயீன் எலிசபெத்தில் இரண்டு இரவு. புவிண்டியில் இரண்டு, பர்மிட் முதல் இரவுக்கு மறுநாள். கடைசி இரவு என்டெபே. மர்ச்சிசனை விட்டுவிடுங்கள். அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் வடக்கே இருக்கிறது, அதற்காக ஓடுகிற இரண்டு பகலும் காட்டிலிருந்து பிடுங்கப்பட்டவை. கிபாலேயில் சிம்பன்சி பர்மிட் கிடைக்காவிட்டால் குயீன் எலிசபெத் அருகே கலின்சு காட்டில் குறைந்த கட்டணத்தில் சிம்பன்சி பார்க்கலாம். அதே பூங்காவின் கியம்புரா பள்ளத்தாக்கிலும் ஒரு சின்னஞ்சிறு கூட்டம் உண்டு. பள்ளத்தாக்கு கண்ணுக்கு விருந்து, ஆனால் சிம்பன்சி தென்படும் வாய்ப்பு கிபாலேயைவிடக் குறைவு என்று தெரிந்தே போங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் பெருமழை. மற்ற மாதங்களிலும் மழை வரும், மழைக்காடாயிற்றே. பெருமழை மாதங்களில் விடுதி மலிவு, பர்மிட் சுலபம், பாதை மட்டும் வழுக்கும். புவிண்டியில் செங்குத்தான சரிவு, காலடியில் மண்ணே தெரியாத கொடிப் பின்னல்; மழைக்குப் பின் அதில் ஏறுவது முட்டிவலிக்காரர்களுக்குச் சோதனை. அப்படிப்பட்டவர்கள் முதல் வேலையாக விளக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும், பக்கத்தில் உள்ள கொரில்லாக் குடும்பத்துக்கு அனுப்ப முயல்வார்கள். சுமைதூக்குபவர் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 டாலர் ஆகும். பையைத் தூக்குவது மட்டுமல்ல, சரிவில் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவதும் அவர்தான். 'எனக்கு எதற்கு' என்று வீறாப்பாகக் கிளம்பியவர்கள் நடுச்சரிவில் கேட்டால் அங்கே ஆள் கிடையாது.

மழைக்காடு என்றதும் பலர் அட்டைக்கடிக்குத் தயாராகிறார்கள். அது ஆசியக் காட்டுத் தொல்லை. இங்கே அதற்குப் பதில் படையெறும்பு. பாதையின் குறுக்கே கறுப்புக் கயிறு போல ஓடும். வழிகாட்டி 'ஓடுங்கள்' என்றால் கேள்வி கேட்காமல் தாண்டிவிட வேண்டும், நின்று படமெடுத்தால் முழங்காலுக்கு மேல் ஏறிய பிறகுதான் ஒரே சமயத்தில் கடிக்கத் தொடங்கும். கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். நீளமான, தடித்த காலுறையாக இருக்கட்டும். புவிண்டியில் காஞ்சொறி வகைச் செடிகள் துணியையும் மீறிக் குத்தும். தோட்டவேலைக்குப் போடும் கையுறை ஒரு ஜோடி போதும், பிடிமானத்துக்கும் உதவும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், குயீன் எலிசபெத் பக்கம் ட்செட்சி ஈ அந்த நிறங்களுக்குத்தான் வரும். கொசு விரட்டியில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் கையைத் துடைத்த பிறகே பைனாகுலரைத் தொடுங்கள். ரப்பர் பிசுபிசுத்துப்போகும், பிளாஸ்டிக் உருகும்.

பைனாகுலர் 8x42 எடுங்கள், 10x42 வேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், பத்தால் வகுத்தால் 4.2, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மரநிழலில் அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் குரங்கின் முகம் தெரிவதா வெறும் நிழல் தெரிவதா என்பதைத் தீர்மானிக்கும். மூச்சு வாங்கும்போது கை நடுக்கமும் எட்டில் குறைவு. கேமராவுக்கும் இதே ஒளிப் பஞ்சம்தான். 600 மில்லிமீட்டர் வரை நீளும் ஆனால் ஒளித்துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காத லென்ஸைவிட, 70-200 எஃப் 2.8 இங்கே எவ்வளவோ மேல். ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாதபடி வைத்து, ஐஎஸ்ஓ 6400 வரை ஏற விடுங்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கறுத்த ரோமம் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்சத்தை முக்கால் படி குறையுங்கள். அதே சிம்பன்சி வெளுத்த வானத்தை முதுகில் வைத்துக் கிளையில் உட்கார்ந்தால் ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். இந்த இரண்டும் ஐந்து நிமிட இடைவெளியில் மாறி மாறி வரும், ஆகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கைப்பழக்கத்தில் இருக்கட்டும். பிளாஷ் கூடாது, தானாக எரியாதபடி முந்தின இரவே அணைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் காட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்த பிறகு திறக்க வேண்டும். பல விடுதிகளில் சூரிய மின்சாரம் என்பதால் சார்ஜ் ஏற்ற நேரக் கட்டுப்பாடு இருக்கும். செருகி சதுர மூன்று முனை பிரிட்டிஷ் வகை.

முகக்கவசத்தையும் பத்து மீட்டர் இடைவெளியையும் பலர் கோவிட் காலத்து மிச்சமாக நினைத்துச் சலித்துக்கொள்கிறார்கள். காரணம் அதற்கும் பழையது. 2013-ல் கிபாலேயின் கன்யவாரா பகுதியில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் மூச்சு நோய் பரவி ஐந்து இறந்தன. கண்டறியப்பட்டது ரைனோ வைரஸ் சி, மனிதக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் சளிக் கிருமி. நமக்கு மூன்று நாள் மூக்கொழுகல், அவற்றுக்கு உயிர். புவிண்டியிலும் விருங்கா மலைத்தொடரிலுமாக உலகிலுள்ள மலைக் கொரில்லாக்கள் 2018 கணக்கின்படி 1,063 மட்டுமே. அதனால்தான் இருமலோ சளியோ உள்ளவரை வழிகாட்டி திருப்பி அனுப்புகிறார். பணம் போகுமே என்று மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு போவது, நேராகச் சொன்னால், குற்றம். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாட்கள் கூட்ட நெரிசலைத் தவிர்த்து, விமானத்திலும் கவசம் போட்டுக்கொண்டால் அந்தச் சங்கடமே வராது. காட்டுக்குள் அவசரம் என்றால் வழிகாட்டியிடம் கேளுங்கள், 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடச் செய்வார். துப்பக் கூடாது, விலங்குகள் அருகே எதையும் தின்னக் கூடாது.

நம் பக்கத்து ஆபத்தையும் சொல்ல வேண்டும். குயீன் எலிசபெத் பூங்காவின் மரமகாம்போ காட்டில் மலைப்பாம்புக் குகை ஒன்று இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள். அங்கே போய்வந்த டச்சுப் பெண்மணி ஒருவர் 2008-ல், வௌவாலிலிருந்து தொற்றும் மார்பர்க் காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு தூரத்திலிருந்து பார்க்கத் தனி மேடை கட்டினார்கள். வௌவால் உள்ள எந்தக் குகைக்குள்ளும், யார் அழைத்தாலும், நுழையாதீர்கள். 2022-ல் ஓர் எபோலா பரவல் முபெண்டேயில் தொடங்கியது. கம்பாலா - ஃபோர்ட் போர்ட்டல் சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கிளம்பும் வாரத்தில் உகாண்டா சுகாதார அமைச்சகத்தின் அறிவிப்பையும், காங்கோ எல்லையோரப் பூங்காக்களின் பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பயணக் காப்பீட்டில் மருத்துவ விமான மீட்பு அடங்கியிருக்கிறதா என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். புவிண்டியில் கால் முறிந்தால் பெரிய மருத்துவமனை ஒரு பகல் தூரம்.

மலேரியா மாத்திரை எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் நாள் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். அட்டோவாகுவோன் - புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள். டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம் விழுங்க வேண்டும், வெயிலில் தோலும் சிவந்துபோகும். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் 'இனி எதற்கு' என்று டாக்ஸிசைக்ளினை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ஈரலில் தங்கியிருக்கும் கிருமி ரத்தத்துக்கு வருவதே அதற்குப் பிறகாகவும் இருக்கலாம். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மருத்துவரிடம் காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்னால் உகாண்டா என்று சொல்லுங்கள். முதல் மூன்று வாரத்துக்குள் என்றால் எந்தக் காட்டில், எந்தக் குகை அருகே இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
வனப்பயண ஏற்பாடுகளில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்